பாலத்துக்குப் போகும் வழியில் ஓர் ஆட்சேபகர்

கேதீஸ்வரன் தன் ஆயுளில் எதையும் முதலில் கேட்ட விலைக்கு விற்றவரல்லர்; முதலில் சொன்ன விலைக்கு வாங்கியவரும் அல்லர். அதைக் கஞ்சத்தனம் என்று சொன்னவர்கள் உண்டு. அவர் அதை மரியாதை என்றே நினைத்திருந்தார். யாழ்ப்பாணம் பெரியகடையில் அவருடைய தகப்பனாருக்குப் புடவைக் கடை. வந்தவர் ஒரு விலை கேட்பார். தகப்பனார் புளியங்காயைக் கடித்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு "இந்த விலை கட்டாது" என்பார். வந்தவர் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்குவார். கடைசிப் படியில் கால் படும்போது தகப்பனார், "சரி, வாங்கோ, கதைப்பம்" என்று கூப்பிடுவார். கூப்பிடுவார் என்று அவருக்கும் தெரியும், இறங்குகிறவருக்கும் தெரியும், எதிர்க்கடைக்காரருக்கும் தெரியும். கூப்பிடாமல் விடுகிற கடைக்காரர் வியாபாரியே அல்ல.

ஆகவே எழுபத்தைந்தாம் ஆண்டு மழைக்காலத்தில், மெல்பேர்ன் நகரின் வடக்குப் புறத்தில் அவர் வாங்கியிருந்த செங்கல் வீட்டுக்கு ஹாலோவே என்ற அதிகாரி தோற்பையோடு வந்து, "இந்த வழியாகப் பெருஞ்சாலை வருகிறது. உங்கள் வீடு தேவைப்படுகிறது. இதுதான் விலை" என்று ஒரு தொகையைச் சொன்னபோது, கேதீஸ்வரன் செய்யவேண்டியதைச் செய்தார். விலை நல்ல விலை. மனத்துக்குள் அவர் அதை இரண்டு கையாலும் பிடித்தாயிற்று. முகத்தை மட்டும் சுளித்து, "கட்டாது" என்றார்.

ஹாலோவே இன்னொரு விலை சொல்லவில்லை. பையைத் திறந்து ரப்பர் முத்திரை ஒன்றை எடுத்தார். அதன் வாயில் ஹா என்று ஊதினார். ஒரு தாளில் குத்தினார். பிறகு நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கடைசிப் படிவரை பொறுத்திருந்து கேதீஸ்வரன் கூப்பிட்டார். "சரி, வாருங்கள், பேசுவோம்."

ஹாலோவே திரும்பித் தொப்பியை உயர்த்தினார். "கட்டாயம் பேசுவோம். உங்கள் ஆட்சேபம் பதிவாகிவிட்டது. பேசுவதற்கு ஏழு பேர் வருவார்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்ன சாலை, எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெல்பேர்னுக்கும் சிட்னிக்கும் நடுவில் மரே ஆறு எல்லையாக ஓடுகிறது. நடுவில் என்பது சும்மா பேச்சுக்குத்தான். ஆறு முழுவதும் சிட்னிக்காரருக்கே சொந்தம், மெல்பேர்ன்காரருக்குக் கரை மட்டுமே. அந்த ஆற்றின்மேல் சிட்னிப் பக்கத்தார் ஒரு பெரிய பாலம் கட்டப்போவதாக அறிவித்தார்கள். பாலம் கட்ட வழியில்லாத மெல்பேர்ன் பக்கத்தாருக்கு அது பொறுக்கவில்லை. ஆகவே அவர்கள் ஓர் ஆணையம் கட்டினார்கள். அதன் பெயர் எல்லைப் பால இணைப்பு ஆணையம். பாலத்தோடு இணைக்க வேண்டுமென்றால் ஆற்றங்கரையில் கொஞ்சம் தார் ஊற்றினால் போதாதா என்று ஓர் இளநிலைப் பொறியாளர் கேட்டாராம். அவரை வெளிச்சவீடுகள் திணைக்களத்துக்கு மாற்றிவிட்டார்கள். இணைப்பு என்பது நகரத்திலிருந்தே தொடங்க வேண்டும், நகரப் பெருஞ்சாலைகளையெல்லாம் இடித்துப் பாலத்துக்குப் பொருத்தமாகத் திரும்பக் கட்டவேண்டும் என்று தீர்மானமாயிற்று. அந்தப் பெருஞ்சாலைகளில் சில அப்போதுதான் கட்டி முடித்தவை, வெள்ளைக்கோடு காய்ந்திருக்கவில்லை.

சொன்னபடி ஏழு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் ஆணையத் தலைவர், ராணியிடம் பட்டம் வாங்கிய சேர் கில்பர்ட். வெள்ளை மீசைக்காரர், வாசற்படியைக்கூட நாடா வெட்டித் திறந்துவைக்கிறவர் போலத் தாண்டுகிறவர். பின்னால் ஹாலோவே, தட்டச்சுப் பெண், வரைபடக்குழாய் தூக்குகிறவர், மற்றவர்கள். வீட்டுக்கு வந்தவர்களைச் சும்மா உட்கார்த்தி வைக்க முடியுமா? கேதீஸ்வரன் இருந்த கதிரைகளையெல்லாம் இழுத்துப் போட்டு, தேநீர் ஊற்றி, தானே சுட்ட உளுந்து வடையைத் தட்டில் அடுக்கினார்.

சேர் கில்பர்ட் எழுந்து நின்று பேசினார். அறையில் இருந்த ஒரே பொதுமகன் கேதீஸ்வரன் என்பதால் அவரைப் பார்த்தே பேசினார்.

"பெருமக்களே. பாலம் அவர்களுடையது, இணைப்பு நம்முடையது. பாலம் ஆற்றைத்தான் கடக்கும், இணைப்போ காலத்தையே கடக்கும். நமது பழைய சாலை நான்கு தடம், அவர்களுடைய பாலம் ஆறு தடம். நாலு தடத்தோடு போய் ஆறு தடத்தின் முகத்தில் எப்படி விழிப்பது? அதனால்தான் இடிக்கிறோம். மக்கள் எங்களைக் கேட்கிறார்கள், போன வருடம்தானே கட்டினீர்கள் என்று. ஆம், கட்டினோம். கட்டாமல் இருந்தால் எதை இடித்திருப்போம்?"

எல்லாரும் கைதட்டினார்கள். கேதீஸ்வரனும் தட்டினார். பிறகு ஒவ்வொருவரும் இன்னொரு வடை எடுத்துக்கொண்டார்கள். விலையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. "சமூகத்தின் கருத்து கேட்கப்பட்டது" என்று தட்டச்சுப் பெண் அடித்தாள்.

இதற்கிடையில் சமூகம் கலைந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு இத்தாலியர், எதிர்வீட்டுக் கிரேக்கக் கிழவி, மூலைவீட்டு பேக்கரிக்காரர் எல்லாரும் முதலில் சொன்ன விலையையே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வியாபாரம் தெரியாத சனங்கள். புல்டோசர் வந்து வீடுகளைத் தின்றது. இத்தாலியரின் திராட்சைப் பந்தல் ஒரு கிழமை தனியே நின்று, பிறகு அதுவும் போயிற்று. பால்காரன் ஒரு நாள் கதவைத் தட்டி, ஒற்றைப் போத்தலுக்காக இவ்வளவு சேற்றுக்குள் வருவது தனக்குக் கட்டாது என்று சொன்னான். அவன் மெய்யாகவே சொன்னான், கூப்பிட்டும் திரும்பவில்லை. தெருவிளக்குகளில் ஒன்று மட்டும் கேதீஸ்வரனுக்காக எரிந்தது.

வீட்டுக்குள்ளும் அவர் ஒற்றை ஆள்தான். மனைவி சந்திரவதனா, மகள் யோகராணியின் பிள்ளைப்பேறு பார்க்கவென்று சிட்னியின் பிளாக்டவுனுக்குப் போனவர். மூன்று மாதத்தில் வருவதாகத்தான் போனார். பிறந்த பிள்ளை இப்போது ஓடித்திரிகிறது. ரயிலில் சந்திரவதனாவுக்கு வாந்தி. விமானம் என்றால், கொழும்பிலிருந்து வந்தபோது ஏறியது இந்தப் பிறவிக்குக் காணும் என்று சொல்லியிருந்தார். ஆகவே சாயப் பெயின்ற் தொழிற்சாலையில் கணக்கு எழுதிவிட்டு வந்து, கேதீஸ்வரன் தனக்குத்தானே சமைத்து, தனக்குத்தானே உப்புக் கூடிப்போச்சு என்று குறை சொல்லி, தானே அதற்குச் சமாதானமும் சொல்லிச் சாப்பிட்டார்.

கதவைத் தட்டுகிற ஒரே ஆட்கள் ஆணையத்தார்தான். சிட்னிப் பக்கத்தார் பாலத்தைச் சற்று மேற்கே தள்ளினார்கள். மெல்பேர்ன் பக்கத்தார் நகரச் சாலையின் வளைவை அதற்கேற்ப இடித்துக் கட்டினார்கள். ஆட்சேபகருக்கு நேரில் அறிவிக்க வேண்டும் என்று விதியிருந்தபடியால் ஏழு பேர் வந்தார்கள். பாலம் திரும்பக் கிழக்கே வந்தது, வளைவு உடைந்தது, ஏழு பேர் வந்தார்கள். வருகிறார்கள் என்று அறிவிப்பு வந்தால் கேதீஸ்வரன் முதல்நாளே உளுந்தை ஊறப்போட்டுவிடுவார். வரைபடக்குழாய்க்காரருக்கு உறைப்பு ஆகாது என்று அவருக்கு வடையில் மிளகாய் போடாமல் சுட்டார். ஹாலோவே செவ்வாய்க்கிழமைகளில் அறிவிப்பு இல்லாமலும் வரத் தொடங்கினார். "தள ஆய்வு" என்று எழுதிக்கொண்டு, இரண்டு கோப்பை தேநீர் குடித்து, சன்னல் வழியே சேற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய மனைவி பல வருடங்களுக்கு முன் பேர்த் நகரத்துக்குப் போய்விட்டாள் என்று ஒரு நாள் சொன்னார். "ஆட்சேபம் ஏதும் தெரிவித்தீர்களா?" என்று கேதீஸ்வரன் கேட்டார். "அதற்குரிய கால எல்லை தெரியாமல் போய்விட்டது" என்றார் ஹாலோவே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்திரவதனாவின் தொலைபேசி வந்தது.

"இஞ்சருங்கோ, கறிவேப்பிலைக்குத் தண்ணி விட்டனீங்களோ?"

"விட்டனான்."

"பொய். குரலில தெரியுது."

"நீர் எப்ப வாறீர்?"

"அந்தப் பழைய ரோட்டால பிள்ளையையும் வைச்சுக்கொண்டு மருமேன் சிறிதரன் கார் ஓடுறது சரிவராது. லொறிக்காரர் மேல ஏத்துறமாதிரி வாறாங்கள். புது ரோட்டு முடியட்டும். பாலத்தால ஏறினால் ஒரே ஓட்டம், வீட்டு வாசலில இறக்கி விடுறன் எண்டு மருமேன் சொல்லியிருக்கிறார். அதை ஏன் இன்னும் இழுத்துக்கொண்டு கிடக்கிறாங்கள்?"

கேதீஸ்வரன் தொலைபேசி வயரை விரலில் சுற்றினார்.

"பேப்பரில கிடந்ததாம். மெல்பேர்னில ஆரோ ஒரு பயித்தியம் பிடிச்ச விசரன் வீட்டைக் குடுக்கமாட்டன் எண்டு மல்லுக்கு நிக்கிறானாம். அந்தாளாலதானாம் எல்லாம் தாமதம்."

"ம்."

"உங்கட பக்கந்தானே. ஆளைத் தெரியுமோ?"

"கண்டிருக்கிறன்."

"கண்டால் ரெண்டு சொல்லுங்கோ. அவனுக்குப் பெண்சாதி பிள்ளை இல்லையோ எண்டு கேளுங்கோ."

கேதீஸ்வரன் அன்றைக்கு அந்த விசரனிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார். அடுத்த நாள் நகரத்தில் இருந்த ஆணைய அலுவலகத்துக்குப் போய், "அந்த முதல் விலை எனக்குச் சம்மதம். ஆட்சேபத்தை எடுத்துக்கொள்கிறேன்" என்றார்.

வரவேற்பறைப் பெண் எழுந்து நின்றாள். உள்ளே கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தட்டச்சு இயந்திரங்கள் நின்றன. ஆட்சேபப் பிரிவு என்று பலகை போட்ட ஒரு முழுத் தளமும் வெளியே வந்து அவரைப் பார்த்தது. அதில் மிளகாய் ஆகாதவருடைய கண் கலங்கியிருந்தது. அவரை சேர் கில்பர்ட்டின் அறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்கள்.

"நண்பரே, உட்காருங்கள்" என்றார் சேர் கில்பர்ட். "எங்கேயாவது குறை வைத்துவிட்டோமா? ஏழு பேர் போதவில்லையா? ஒன்பதாக்கலாம்."

"அதில்லை. என் மனைவி புதுச் சாலையில் வரக் காத்திருக்கிறாள். நான் விலகினால் சாலை சீக்கிரம் முடியும்."

சேர் கில்பர்ட் சன்னலோரம் போய் நின்றார். "சாலை யாரும் போடலாம். ரோமர்கள் போட்டார்கள், அவர்களிடம் ஆணையம்கூட இல்லை. ஆனால் சிட்னிப் பக்கத்தாரிடம் போன மாதம் கேட்டேன், உங்களிடம் ஆட்சேபகர் எத்தனை பேர் என்று. தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர்கூட இல்லை. எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள், பாவம். எங்களிடம் நீங்கள் இருக்கிறீர்கள். உங்களால்தான் நாங்கள் மக்களைக் கேட்டு நடக்கிற ஆணையமாக இருக்கிறோம். உங்கள் எதிர்ப்பை மதித்து நாங்கள் வாங்கிய அவகாசம், அந்த அவகாசத்தில் கட்டிய இந்த அலுவலகம், இந்தக் கம்பளம், எல்லாம் உங்களுடையது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விலகினால் நாங்கள் வெறும் சாலைதான் போட வேண்டிவரும்."

"எனக்கு மனைவி வரவேண்டும், அவ்வளவுதான்."

"வருவார். சாலையும் வரும், வீடும் நிற்கும். ஆட்சேபத்தை ஏற்றுக்கொண்டோம். உங்கள் வீட்டைத் தொடவே மாட்டோம்."

முதல் விலைக்கு வாங்க ஆளில்லாமற்போன வீட்டுக்காரராகக் கேதீஸ்வரன் திரும்பி வந்தார்.

தொடத்தான் இல்லை. சாலை வந்து, வீட்டுக்கு முன் இரண்டாகப் பிரிந்து, வீட்டை முழுவதுமாக ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி ஒன்றாகி வடக்கே பாலத்தைப் பார்க்கப் போயிற்று. நடுவில் செங்கல் வீடு, கறிவேப்பிலைச் செடி, ஒற்றைத் தெருவிளக்கு. சுற்றிவர முழங்கால் உயர இரும்புத் தடுப்பு. கேதீஸ்வரன் வேலைக்குப் போய்வரச் சாலைக்கு அடியில் ஒரு சுரங்கவழி வெட்டி, பூட்டுப் போட்டு, ஒரு சாவியை அவரிடமும் மற்றதை ஹாலோவேயிடமும் கொடுத்தார்கள். அவரைத் தவிர வேறு யார் வந்தாலும் ஹாலோவே தன் சாவியால்தான் திறக்க வேண்டும் என்பது விதி. கூடவே படம் ஒட்டிய ஓர் அனுமதி அட்டை: "ஆட்சேபகர், ஒருவர்."

தொழிற்சாலையில் கூட வேலைசெய்த சென்னைக்காரர் சடகோபன் சாப்பாட்டு வேளையில் விடவில்லை. "சார், கோயிலைச் சுத்தித்தான் ரோடு போடுவாங்க, பாத்திருக்கேன். உங்களைச் சுத்திப் போட்டிருக்காங்களே. பிரதட்சணம் பண்ண நாங்க எப்ப வரலாம்?"

"வரேலாது. அனுமதி வேணும்" என்றார் கேதீஸ்வரன்.

"சாமியைவிட ஸ்ட்ரிக்டா இருக்கீங்களே சார்."

திறப்பு விழாவை கேதீஸ்வரன் வீட்டு வாசலிலேயே வைத்தார்கள். பாண்டு வாத்தியம் சுரங்கவழியால் வந்தது. சேர் கில்பர்ட் நாடாவை வெட்டி, "இந்த வாசற்படலையிலிருந்து எல்லைப் பாலம் வரைக்கும் ஒரு சிவப்பு விளக்குக்கூடக் கிடையாது. எங்கேயும் நிற்க வேண்டியதில்லை" என்று அறிவித்தார். கேதீஸ்வரன் அதைக் கேட்டு மகிழ்ந்து அன்றைக்கே பிளாக்டவுனுக்குத் தொலைபேசி எடுத்தார். "ரோட்டு வீட்டுக்கு முன்னாலதான் போகுது. நேர வாங்கோ. வழி மாறவே முடியாது." எங்கேயும் நிற்க வேண்டியதில்லை என்பதற்கு எங்கேயும் நிற்க முடியாது என்றும் பொருள் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

அவர்கள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கேதீஸ்வரன் வேலைக்கு லீவு போட்டு, விடியவே எழுந்து, முகம் மழித்து, வடை சுட்டு, தடுப்பு ஓரமாக வந்து நின்றார். ஹாலோவே தள ஆய்வுக்கு வந்து உள்ளே கதிரையில் இருந்தார்.

சிறிதரனின் நீலக் கார் தெரிந்தது. முன் சன்னலில் சந்திரவதனாவின் முகம். மெலிந்திருந்தார். தலைமுடி முன்பக்கம் வெளுத்திருந்தது. கேதீஸ்வரன் கையை உயர்த்தினார். கார் வேகம் குறைத்தது. பின்னால் வந்த லொறி ஒன்று கூச்சலிட்டது. கார் பயந்து முன்னே பாய்ந்தது.

"எங்க நிப்பாட்டுறது?" என்று சந்திரவதனா கத்திக்கொண்டே வளைவில் போய் மறைந்தார்.

கேதீஸ்வரன் உள்ளே ஓடினார். "மிஸ்டர் ஹாலோவே, என் மனைவி வந்துவிட்டாள். அடுத்த வழியில் இறங்கி நடந்து வரட்டும். சுரங்கவழியைத் திறந்துவிடுவோம்."

ஹாலோவே கோப்பையை வைத்தார். "அனுமதி ஒருவருக்குத்தான். ஆட்சேபம் பதிவான நாளில் அவர் இந்த வீட்டில் வசிக்கவில்லை. பாதிக்கப்பட்டோர் பதிவேட்டில் அவர் பெயர் கிடையாது."

"அவள் என் மனைவி."

"எனக்கு அதில் சந்தேகமே இல்லை. பதிவேட்டுக்குத்தான்."

கார் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தது. கேதீஸ்வரன் வெளியே ஓடினார். இந்தமுறை பின்சன்னலில் யோகராணியும், அவள் மடியில் அவர் இன்னும் காணாத பேரப்பிள்ளையும். பிள்ளை அவரைப் பார்த்துக் கையாட்டியது. வழியில் கண்ட மாடுகளுக்கும் அப்படித்தான் ஆட்டியிருக்கும்.

"கறிவேப்பிலை காய்ஞ்சு கிடக்கு. தண்ணி விட்டனான் எண்டு சொன்னனீங்கள்" என்றார் சந்திரவதனா. பிறகு, கார் கடக்கையில், வேறு குரலில், "அந்த விசரன் நீங்கள்தானோ?"

"ஓம்" என்றார் கேதீஸ்வரன். அவருக்குக் கேட்டதோ தெரியாது.

திரும்ப உள்ளே போனபோது அவர் ஓடவில்லை. "மிஸ்டர் ஹாலோவே, ஒரு நாளைக்கு. உங்கள் விருந்தாளி என்று எழுதுங்கள்."

"விருந்தாளிகளுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. அடுத்த அமர்வில் எடுத்துக்கொள்ளலாம். ஏழு பேரும் வருவார்கள்." ஹாலோவேயின் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. "நான் நேரில் வந்து சொல்வேன். அதற்கு முன்பும் வருவேன்."

கேதீஸ்வரன் அவரைப் பார்த்தார். கதவைத் தட்ட ஓர் ஆளுக்காகத்தான் இத்தனை நாள் தான் வடை சுட்டது என்பது அந்த முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. கோபம் வரவில்லை. மூன்றாம்முறை கேட்டார், மெதுவாக. "கடைசி விலை சொல்லுங்கள். அந்தச் சுரங்கவழிக் கதவு எனக்கு என்ன விலைக்குக் கிடைக்கும்?"

"விலை பேச எனக்கு அதிகாரமில்லை, நண்பரே. ஒருபோதும் இருந்ததில்லை."

வெளியே கார் மூன்றாவது சுற்று வந்தது. இந்தமுறை சிறிதரன் எதற்கும் பயப்படவில்லை. மாமியார் பக்கத்தில் இருந்து பயப்படுத்தியதைவிடவா லொறி பயப்படுத்திவிடும். கார் நடைவேகத்தில் ஊர்ந்தது. பின்னால் அரைமைல் தூரத்துக்கு வாகனங்கள் அலறின. முன்கதவு திறந்தபடியே வந்தது. சந்திரவதனா உள்ளே ஒதுங்கி இடம் விட்டிருந்தார்.

"ஏறுங்கோ" என்றார். கெஞ்சவில்லை, கூப்பிடவும் இல்லை. சோறு போட்டிருக்கு என்று சொல்கிற குரல்.

கேதீஸ்வரன் தடுப்பின்மேல் ஒரு காலைப் போட்டார். வேட்டி கம்பியில் மாட்டிக் கிழிந்தது. இரண்டு எட்டு ஓடி, கதவைப் பிடித்து, பாதி உடம்பு சந்திரவதனாவின் மடியிலும் பாதி காற்றிலுமாக விழுந்தார். யோகராணி பின்னாலிருந்து அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். கதவு சாத்திக்கொண்டது. ஒரு வீட்டை விலை பேசாமல் விட்டுவந்தது அவருடைய பரம்பரையிலேயே அதுதான் முதல் தடவை.

"வடை சுட்டனான்" என்றார் மூச்சிரைக்க. "எடுக்க மறந்துபோனன்."

"இருக்கட்டும். அங்க ஆரோ நிக்கினம்" என்றார் சந்திரவதனா.

கேதீஸ்வரன் திரும்பிப் பார்த்தார். ஹாலோவே கோப்பையும் கையுமாகப் படியிறங்கி வந்துகொண்டிருந்தார். கடைசிப் படியில் நின்றார். சட்டைப் பையில் அவருடைய சாவி இருந்தது. வாயைத் திறந்தவர் போலவும் இருந்தது. கேதீஸ்வரன் கண்ணாடியை இறக்கி, பழைய பழக்கத்தில், காதைக் கொடுத்துக் காத்திருந்தார்.

கார் வளைவில் திரும்பியது. பிறகு பாலம் வரைக்கும் சிவப்பு விளக்கே இல்லை. பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை. ஹாலோவேக்கு அப்படிக் கூப்பிடுவதை ஆணையத்தில் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.